பெண்களின் வேட்கைக் குறைவு: பிணி எது, பிணியல்லாதது எது?

துணைச் சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நாள்தோறும் எழுதப்பெறும் பதிவேடுகளைப் புரட்டினால் சோகை, வெள்ளைப்படுதல், இடுப்பு வலி, தலைச்சுற்றல், தூக்கமின்மை என்பன பக்கந்தோறும் காணப்படும். தாம்பத்திய உறவில் விருப்பம் குன்றிவிட்டது என்றோ, உறவின்போது உடல் இசைந்து வரவில்லை என்றோ எழுதிய வரியைக் காண்பது மிக அரிது. இதைக் கொண்டு, இத்தகைய தொல்லை நம் நாட்டுப் பெண்களிடையே இல்லை என்று முடிவு கட்டுவது தவறாகும்.

வேலூரிலுள்ள ஒரு பெரிய மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்கு வந்த மணமான பெண்கள் 149 பேரை ஆராய்ந்து, 2009 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. பல நாடுகளிலும் வழங்கும் 19 வினாக்கள் கொண்ட ஒரு வினாத்தாளின்படி, அவர்களுள் 73.2 சதவிகிதத்தினர் பாலுணர்வுக் குறைபாடு உடையவர்கள் எனக் கணக்கிடப்பெற்றனர். இந்த எண்ணை நான் அப்படியே ஏற்பதற்கில்லை. நோயென்று மருத்துவமனையை நாடி வந்தவர்களைக் கொண்டு ஊர் முழுவதையும் அளக்கலாகாது. வினாத்தாளின் எல்லை மதிப்பெண்ணும் அயல்நாட்டுப் பெண்களை வைத்து வகுக்கப்பெற்றது. ஆயினும் அதே கட்டுரையிலுள்ள மற்றொரு செய்தி எவ்வகை ஐயத்திற்கும் இடமளிப்பதன்று. அப்பெண்களுள் ஒருவரேனும் இதற்காக எந்த டாக்டரையும் நாடியிருக்கவில்லை.

நாடாமைக்குக் காரணம் நாணம் மட்டுமே எனக் கூறுவோர் உளர். எனக்குத் தோன்றுவது வேறு. இதைச் சொல்லுதற்கு வேண்டிய சொல்லே நம் பெண்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. நூலில் வழங்கும் சொல் ஒன்று உண்டு. அது வீட்டில் வழங்குவதில்லை. தெருவில் வழங்கும் சொல் ஒன்று உண்டு. அதை எந்தப் பெண்ணும் செவிலியரிடம் சொல்லமாட்டார். இவ்விரண்டிற்கும் இடையே, தன் உடலைப் பற்றித் தானே அமைதியாகப் பேசுதற்கு ஏற்ற சொல் இல்லாதபோது, தொல்லை வேறொரு பெயரைப் பூண்டு வெளிவருகின்றது. கோவாவில் 18 முதல் 50 வயது வரையுள்ள 2,494 பெண்களிடம் நடத்தப்பெற்று 2005 இல் வெளியான ஆய்வு, வெள்ளைப்படுகிறது என்னும் முறையீட்டிற்கும் மனச்சோர்வு முதலியவற்றிற்கும் வலுவான தொடர்பு உண்டெனக் காட்டியது. அவ்வாறு முறையிடுவோருள் உண்மையான தொற்றுடையவரும் இருப்பர். அவர்களுக்கு மருந்து கொடுக்கவே வேண்டும். ஆனால் மூன்றாம் முறையாகவும் நான்காம் முறையாகவும் அதே மருந்துப் பொட்டலத்தைப் பெற்றுச் செல்லும் ஒருவரிடம், வேறு ஏதேனும் கேட்க வேண்டியிருக்கலாம் என்ற எண்ணம் நமக்கு எழுதல் வேண்டும்.

பேசாமல் விடுவது ஒரு தவறு. அதற்கு நேர்மாறான தவறும் இப்பொழுது பரவி வருகின்றது. நகரங்களில் இதைப் பற்றிப் பேச்செடுத்த உடனே ஹார்மோன் பரிசோதனை, வலிவூட்டும் லேகியம், விளம்பர மாத்திரை என்று செலவு தொடங்கிவிடுகின்றது. ஒரு நிலைக்கு நோயென்று பெயரிட்டால் அதற்கு மருந்து விற்போர் தோன்றுவர். பெயரிடாது விட்டால் துன்புறுவோர் தனியே துன்புறுவர். இவ்விரண்டிற்கும் நடுவே நம் களப் பணியாளர் எங்கு நிற்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் இவ்வறிவு வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாக அறிதல் நன்று. 1966 இல் அமெரிக்காவில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் என்னும் இருவர், ஆய்வுக்கூடத்தில் உற்றறிந்தவற்றைக் கொண்டு, பாலுணர்வின் போக்கைக் கிளர்ச்சி, நிலைப்பு, உச்சம், தணிவு என நான்கு கட்டங்களாக வகுத்தனர். வேட்கை என்பதற்கு அவ்வகுப்பில் இடமில்லை. கருவிகொண்டு அதனை அளக்க இயலாதல்லவா! 1970களின் பிற்பகுதியில் ஹெலன் சிங்கர் காப்லான் என்னும் மனநல மருத்துவர், கிளர்ச்சிக்கு முன்னே வேட்கை என்னும் கட்டம் ஒன்று உண்டு, அக்கட்டத்திலேயே இடர்ப்படுவோர் பலர் என்று எடுத்துக் காட்டினார். 1980 இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் வேட்கைக் குறைவு இடம்பெற்றது.

இவ்வகுப்பு முறை யாவும் ஆணின் அனுபவத்தை அடியொற்றியது என்ற குறை நெடுநாள் கூறப்பட்டு வந்தது. 2000 ஆம் ஆண்டளவில் கனடா நாட்டு மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் வேறொரு விளக்கம் தந்தார். மணமாகிப் பல ஆண்டுகள் ஆன பெண்களுள் பலருக்கு வேட்கை தானே முன்வந்து எழுவதில்லை. நெருக்கமும் அன்பும் தகுந்த தொடுகையும் கிடைத்துக் கிளர்ச்சி தோன்றிய பிறகே வேட்கை தொடர்ந்து எழுகின்றது என்பது அவர் கூறியது. களத்தில் பணியாற்றுவோர் மனத்திற் கொள்ளத்தக்க செய்தி இது. ‘எனக்குத் தானாக ஆசை வருவதில்லை, ஆனால் தொடங்கிய பின் மகிழ்ச்சியாகவே இருக்கின்றது’ என்று ஒரு பெண் கூறுவாராயின் அவர் நோயாளியல்லர். அவருக்கு நாம் அளிக்க வேண்டிய சிகிச்சை அந்த ஒரு வாக்கியமே.

2013 இல் வெளியான அமெரிக்கப் பட்டியலின் ஐந்தாம் பதிப்பு, பெண்களைப் பொறுத்தவரை வேட்கைக் குறைவையும் கிளர்ச்சிக் குறைவையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பெயரிட்டது. ஆறு அறிகுறிகளுள் மூன்றேனும் ஏறத்தாழ ஆறு மாத காலம் இருத்தல் வேண்டும். அவற்றால் அப்பெண் மன வருத்தமுறுதல் வேண்டும் என்பது அதன் விதி. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடோ, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, இரண்டையும் தனித்தனியாகவே வைத்தது. மேலும், மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து எடுத்து, பாலியல் நலம் பற்றிய தனி அத்தியாயத்தில் சேர்த்தது.

இவ்விரண்டனுள் உலக சுகாதார நிறுவனத்தின் முறையே நம் பணிக்குப் பொருந்துவது என்பது என் கருத்து. ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், விருப்பம் இருக்கின்றது, ஆனால் உடல் நெகிழாமல் வறண்டு எரிகின்றது என்கிறார். முப்பது வயதுடைய மற்றொருவர், உடலில் குறையில்லை, மனமே நாடவில்லை என்கிறார். முன்னவருக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு களிம்பு. பின்னவருக்கு வேண்டியது என்னவென்று அறிய நெடுநேரம் கேட்டறிய வேண்டும். இருவரையும் ஒரே பெயரில் எழுதினால் இருவருக்கும் ஒரே சிகிச்சை என்ற மயக்கம் உண்டாகும்.

மனமும் உடலும் இவ்விஷயத்தில் எப்பொழுதும் ஒன்றுபட்டு நிற்பதில்லை என்பதற்குச் சான்று உண்டு. மெரடித் சிவர்ஸ் முதலியோர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010 இல் வெளியிட்ட முடிவின்படி, தாம் உணர்ந்ததாகச் சொல்லும் கிளர்ச்சிக்கும் உறுப்பில் கருவி காட்டும் கிளர்ச்சிக்கும் உள்ள ஒப்புமை எண் ஆண்களிடம் 0.66 ஆகவும் பெண்களிடம் 0.26 ஆகவும் இருந்தது. முழு ஒப்புமை 1 என்று கொள்ளப்படும். அஃதாவது, மனம் விழையாதபோதும் பெண்ணுடல் நெகிழக்கூடும். ஆதலின் உடல் நெகிழ்ச்சியை விருப்பத்திற்கோ சம்மதத்திற்கோ அடையாளமாகக் கொள்ளுதல் அறிவியலுக்கு முரணானது. வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் பேச நேரும் ஊழியர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இனி, யார் முறையிடுகிறார் என்னும் வினாவுக்கு வருவோம். இதுவே எல்லாவற்றிலும் முதன்மையான வினா என்று கருதுகிறேன்.

கணவர் வந்து, ‘என் மனைவி ஒத்துழைப்பதில்லை, ஏதாவது மருந்து கொடுங்கள்’ என்று கேட்பது உண்டு. சில வீடுகளில் மாமியாரே அழைத்து வருவார். அதுவும் மருமகள் இன்னும் கருவுறவில்லை என்ற குறையோடு சேர்த்து. பதினோராம் வகைப்பாடு இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. இத்தனை முறை உறவு கொள்வதே இயல்பு என்னும் அளவு எதுவும் இல்லை. ஒருவர் தம் நிலையில் நிறைவோடிருப்பாராயின், பிறருக்கு அது குறையாகத் தோன்றினும் நோயெனக் கூறலாகாது. துணைவரின் அளவுமீறிய எதிர்பார்ப்பும், இருவரிடையே உள்ள விருப்ப வேறுபாடும், போதிய தூண்டலின்மையும் நோய் நிர்ணயத்திற்கு ஆதாரமாகா என்று அது உரைக்கின்றது. ஆகவே கணவரின் முறையீட்டைக் கேட்டு மனைவியின் பெயரில் நோய் எழுதுவது விதிக்கே மாறானது. மனைவியைத் தனியே கண்டு பேச வேண்டும். கணவரையும் கேட்க வேண்டும். அவருக்கே விறைப்புக் குறைவோ, விரைவில் விந்து வெளிப்படுதலோ, மிதமிஞ்சிய குடிப்பழக்கமோ இருந்து, அதன் விளைவு மனைவியின் கணக்கில் எழுதப்பட்டிருப்பதும் உண்டு.

வருத்தம் உண்டா எனக் கேளாமல் எண்ணிக்கை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1999 ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கு ஒரு பாடம். அந்நாட்டுப் பெண்களுள் 43 சதவிகிதத்தினர் பாலுணர்வுக் குறைபாடு உடையவர்கள் என்று அப்பொழுது வெளியான ஆய்வொன்று கூறியது. செய்தித்தாள்கள் அதனைப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டன. சில வினாக்களுக்கு ஆம், இல்லை என்று விடை கேட்டு, ஒன்றுக்கேனும் ஆம் என்றவரைக் குறைபாடுடையோர் வரிசையில் சேர்த்ததன் விளைவு அவ்வெண். 2008 இல் 31,581 பெண்களிடம் நடத்திய வேறோர் ஆய்விலும் ஏதேனும் ஒரு தொல்லை உண்டென்றோர் 43.1 சதவிகிதத்தினரே. ஆனால் தொல்லையும் அதனால் வருத்தமும் சேர்ந்து உடையோர் 12 சதவிகிதத்தினர் மட்டும். எஞ்சிய முப்பத்தொரு பேரை நோயாளிகள் என்பது, நூற்றுக்கு முப்பத்தொரு பேருக்குத் தேவையற்ற மருந்தை எழுதுவதற்குச் சமம். அதே சமயம், அந்தப் பன்னிரண்டு பேரையும் கற்பனை என்று தள்ளுவோரின் கட்சியிலும் நான் சேரமாட்டேன். சினைப்பைகள் இரண்டும் அகற்றப்பெற்ற ஓர் இளம்பெண் தன்னுள் ஏதோ ஒன்று அணைந்துவிட்டது என்று கூறுவாராயின், அது மருந்து நிறுவனங்கள் கற்பித்த சொல்லன்று.

மருந்துகளின் நிலையைச் சற்று விளக்கமாகக் கூற வேண்டும். இதைப் பற்றித்தான் ஆசிரியர்களிடமும் ஊழியர்களிடமும் மக்கள் வினவுகின்றனர். ஃபிளிபான்செரின் என்னும் மாத்திரை முதலில் மனச்சோர்வு மருந்தாக ஆராயப்பட்டு, அதில் பயன் காணாமல் இதற்கு மாற்றப்பட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010 இலும் 2013 இலும் அதற்கு இசைவு தரவில்லை. 2015 ஆகஸ்டில், மாதவிடாய் நிற்காத பெண்களுக்கென்று இசைவு அளித்தது. நாள்தோறும் இரவில் 100 மில்லிகிராம் உட்கொள்ள வேண்டும். சர்க்கரை உருண்டை உட்கொண்டவர்களை ஒப்பிட, பயன் கண்டோர் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேர் மிகுதி. 2016 இல் வெளியான தொகுப்பாய்வின்படி, நிறைவு தந்த உறவுகள் மாதத்திற்குச் சராசரியாக அரை முறை மிகுந்தன. மயக்கம், தூக்கக் கலக்கம், இரத்த அழுத்தம் தாழ்தல் ஆகியவை தீமைகள். மதுவோடு சேர்ந்தால் ஆபத்து. நம் ஊழியர் மறவாதிருக்க வேண்டியது மற்றொன்று: வெள்ளைப்படுதலுக்கு வழங்கும் ஃபுளுகோனசோல் இம்மாத்திரையோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து நினைவிழக்கச் செய்யக்கூடும்.

2019 ஜூனில் இசைவு பெற்ற பிரெமெலனோடைடு ஊசி மருந்து. உறவுக்கு முக்கால் மணி நேரத்திற்கு முன் தோலின் கீழ்ச் செலுத்திக் கொள்வது. நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குமட்டல் உண்டாயிற்று. இரத்த அழுத்தமும் சிறிது நேரம் ஏறும். வேட்கையை வரவழைக்கக் குமட்டலை விலையாகக் கொடுப்பது நல்ல பேரமா என்று வாசகர்களே கருதிப் பார்க்கலாம். ஆண்களுக்குப் பயன்பட்ட சில்டெனாஃபில் மாத்திரையைப் பெண்களுக்கும் கொடுத்துப் பார்த்த நிறுவனம், தெளிவான பயன் கிட்டாமையால் 2004 இல் அம்முயற்சியைக் கைவிட்டது.

டெஸ்டோஸ்டிரோன் பற்றிய கருத்து சற்று மாறுபட்டது. அதனை ஆண் ஹார்மோன் என்று மட்டும் எண்ணுதல் தவறு. பெண்ணுடலிலும் சினைப்பைகளும் அண்ணீரகச் சுரப்பிகளும் அதனைச் சுரக்கின்றன. இரு சினைப்பைகளையும் அகற்றினால் அதன் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். 2019 இல் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, மாதவிடாய் நின்ற பெண்களின் வேட்கைக் குறைவு ஒன்றிற்கே இதனைப் பயன்படுத்தத் தக்க சான்று உண்டு என்றது. அதே அறிக்கை, இரத்தத்தில் அந்த ஹார்மோனின் அளவைக் கொண்டு வேட்கைக் குறைவை நிர்ணயிக்க இயலாது என்றும் தெளிவாகக் கூறியது. எனவே விருப்பக் குறைவுக்கென்று இந்தப் பரிசோதனையை எழுதி ஏழைப் பெண்ணிடம் பணம் செலவழிக்கச் சொல்வது வீண். ஆண்களுக்கென அளவிட்ட தயாரிப்பை மதிப்பிட்டுப் பூசிக்கொண்டால், பருவும் முகத்தில் மயிரும் தோன்றும். குரல் தடித்துவிட்டால் மீண்டும் பழைய நிலைக்கு வாராமலும் போகலாம். நிபுணரின் மேற்பார்வையின்றி இதைத் தொடலாகாது.

இம்மருந்துகள் யாவும் சேர்ந்து ஆற்றக்கூடிய நன்மையைக் காட்டிலும், சில எளிய வினாக்கள் ஆற்றும் நன்மை பெரிது என்பது என் உறுதியான எண்ணம். அவ்வினாக்களைக் கேட்பதற்கு நிபுணர் வேண்டியதில்லை.

வலி உண்டா என்பதை முதலில் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வலிக்கும் செயலை உடல் எங்ஙனம் விரும்பும்? பிரசவத்தில் இட்ட தையலின் வடு, பூஞ்சைத் தொற்று, இடுப்பறை அழற்சி, கருப்பையின் உட்சவ்வு வேறிடங்களில் வளர்தல், அச்சத்தால் தசைகள் தாமே இறுகிக்கொள்ளுதல் என வலிக்குக் காரணங்கள் பல. இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குச் சிகிச்சை உண்டு. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்திருப்பதால் உறுப்பு வறண்டிருக்கும். இது இயல்பு, பின்னர் மாறிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் எத்தனையோ இளம் தம்பதிகளின் மனக்கசப்பு தவிரும். மாதவிடாய் நின்ற பின் தோன்றும் வறட்சி தானே மாறுவதன்று. நம் நாட்டில் சுமார் 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகின்றது. அதன்பின் முப்பது ஆண்டு வாழ்க்கை எஞ்சியுள்ளது. குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பை உறுப்பினுள் இட்டுவரின், சில வாரங்களில் தோல் தடித்து ஈரப்பசை மீளும். அவ்வாறு இடப்படும் மருந்து இரத்தத்தில் சேர்வது மிகச் சிறிது. மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் மட்டும் தம் புற்றுநோய் டாக்டரைக் கேட்டே இதனைப் பயன்படுத்த வேண்டும். களிம்பு கிடையாத இடத்தில் நீர் சார்ந்த வழவழப்புப் பசை உதவும். தேங்காய் எண்ணெயைப் பலரும் பயன்படுத்துகின்றனர். ஆணுறை அணிவோர் அதனைத் தவிர்க்க வேண்டும், எண்ணெய் பட்டால் ரப்பர் நைந்து கிழியும்.

அடுத்து, வேறு என்ன மருந்து உட்கொள்கிறார் என்று கேட்டு, சீட்டையும் வாங்கிப் பார்க்க வேண்டும். ஃபுளுவாக்சிட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் வேட்கையையும் உச்சத்தையும் குறைப்பது நன்கு அறியப்பட்டது. ரிஸ்பெரிடோன் போன்றவை புரோலாக்டின் ஹார்மோனை உயர்த்தி அதே விளைவை உண்டாக்கும். நம் நாட்டில் இதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்பும் காரணம் ஒன்று உண்டு. வயிற்றெரிச்சலுக்கென்று கடைகளில் விற்கும் பல கூட்டு மாத்திரைகளில் டாம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கும். இவையும் புரோலாக்டினை உயர்த்துவன. மாதக்கணக்கில் இவற்றை விழுங்கி, மாதவிடாய் தவறி, விருப்பம் குன்றி, மார்பில் பால் கசிந்து, அதன் காரணம் அறியாது திகைப்போர் இருக்கக்கூடும். மருந்தை நிறுத்துவதா மாற்றுவதா என்பதை டாக்டர் முடிவு செய்வார். மனச்சோர்வு மருந்தைத் தாமே திடீரென நிறுத்துமாறு நாம் சொல்லிவிடக் கூடாது.

உடல் நோய்களுள் தைராய்டுக் குறைவு, நீரிழிவு, சோகை ஆகியவற்றை நோக்க வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 சதவிகிதத்தினர் சோகையுடையவர்கள். விடியுமுன் எழுந்து, வயலிலும் அடுப்படியிலும் உழைத்து, சோகையோடு படுக்கைக்கு வரும் உடலில் வேட்கை இல்லையெனில் அதற்குத் தனிப்பெயர் சூட்டுவதற்கு முன் இரும்புச்சத்து மாத்திரையையும் ஓய்வையும் எண்ணுதல் முறை. கருத்தடை அறுவை பற்றிய தப்பெண்ணத்தையும் இங்கே நீக்க வேண்டும். கருக்குழாய்களைக் கட்டுவதால் சினைப்பைகள் சுரப்பது நிற்பதில்லை. ஆகவே அந்த அறுவையால் ஹார்மோன் குறைந்து ஆசை போயிற்று என்பது உண்மையன்று. கருப்பையை எடுத்தோர் விஷயம் வேறு. சினைப்பைகளும் உடன் எடுக்கப்பட்டனவா என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. மருத்துவமனைச் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்னர் மனமும் வீடும். மனச்சோர்வில் வேட்கை குன்றுதல் முதல் அறிகுறிகளுள் ஒன்று. தூக்கம், பசி, அழுகை, வாழ்வில் சலிப்பு ஆகியவற்றைக் கேட்டு ஐயம் தோன்றினால் மாவட்ட மனநலத் திட்டத்தாரிடம் அனுப்பலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலிமானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் தொலைபேசி வழியே அணுகலாம். மேற்கூறிய தேசிய ஆய்வின்படி, மணமான பெண்களுள் 29.3 சதவிகிதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஒருமுறையேனும் உள்ளானவர்கள். அடிப்பவரிடம் ஆசை எழவில்லை என்பது பிணியன்று. அறிவுள்ள உடலின் விடை. அத்தகைய பெண்ணுக்கு வேட்கை மருந்து தேடுவது தீங்கே செய்யும். 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையில் அடக்கியுள்ளது. 181 என்னும் மகளிர் உதவி எண்ணையும் அருகிலுள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் அவருக்குத் தெரிவிப்பதே அங்குச் செய்யத்தக்கது.

இவை யாவும் இல்லை, இருவரிடையே அன்பும் உண்டு, ஆயினும் விருப்பம் இல்லையென வருந்துவோர் எஞ்சுவர். அவர்களுக்கே உண்மையில் அந்த நோய்ப்பெயர் உரியது. அவர்களுக்கும் முதற் சிகிச்சை பேச்சு வழிச் சிகிச்சைதான். மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970 இல் விளக்கிய முறையில், தம்பதிகள் சில வாரங்கள் உறவைத் தவிர்த்துத் தொடுகையை மட்டும் படிப்படியாகப் பழகுவர். உறவு கட்டாயமில்லை என்ற உறுதி கிடைத்தவுடன் அச்சம் தளர்கின்றது. கனடாவில் லோரி பிராட்டோ முதலியோர், எண்ணத்தை அலையவிடாமல் உடலின் உணர்வில் நிறுத்தும் தியானப் பயிற்சியைக் குழுக்களாகப் பெண்களுக்குக் கற்பித்து நற்பயன் கண்டுள்ளனர். தியானம் நம் நாட்டிலிருந்து சென்றது என்று பெருமை பேசுவோர், அதை நம் மருத்துவமனைகளில் இந்நோக்கத்திற்காகக் கற்பிக்கும் இடங்கள் எத்தனை என்றும் எண்ணிப் பார்த்தல் நலம்.

களப் பணியாளரின் எல்லை எது? 1976 இல் அமெரிக்க உளவியலார் ஜாக் அனன் நான்கு படிகளை வகுத்தார். பேசுவதற்கு இடங்கொடுத்தல், சிறிதளவு சரியான செய்தி தருதல், குறிப்பான யோசனை கூறுதல், தீவிர சிகிச்சை என்பன அவை. முதல் இரண்டும் செவிலியராலும் ஆஷா பணியாளராலும் ஆகக்கூடியவை. வருவோருள் பெரும்பகுதியினருக்கு அவையே போதும் என்பது அம்முறையின் அடிப்படை. இடங்கொடுப்பது கடினமன்று. மாமியாரும் அண்டை வீட்டாரும் அருகில் இல்லாதபோது, இரத்த அழுத்தம் பார்க்கும் வேளையில், ‘அம்மா, பிள்ளை பெற்ற பிறகு பலருக்கும் வீட்டுக்காரரோடு சேரும்போது வலியோ விருப்பமின்மையோ உண்டாவதுண்டு. உங்களுக்கு அப்படி ஏதேனும் தொல்லை இருக்கிறதா?’ என்று கேட்கலாம். பலருக்கும் உண்டு என்ற சொல்லே பாதிச் சுமையை இறக்கிவிடும். இல்லை என்றால் விட்டுவிட வேண்டும். மறுமுறை அவரே சொல்லக்கூடும். கேட்டறிந்ததைப் பெயரோடு பொதுப் பதிவேட்டில் எழுதலாகாது.

ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். 2005 ஆம் ஆண்டளவில் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் தொடங்கியபோது எதிர்ப்பு எழுந்து, 2007 இல் சில மாநிலங்கள் அதனை நிறுத்தி வைத்தன. 2020 இல் நடைமுறைக்கு வந்த பள்ளி சுகாதாரத் திட்டத்தின்படி, ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள் நல்வாழ்வுத் தூதுவர்களாகப் பயிற்சி பெற்றுப் பாடம் நடத்த வேண்டும். அப்பாடங்களில் வேட்கையைப் பற்றி விரிவுரை நிகழ்த்துமாறு யாரும் கேட்கவில்லை. உறுப்புகளின் பெயரைக் குரலைத் தாழ்த்தாமல் சொல்லுதல், மாதவிடாயைத் தூய்மைப் பாடமாக மட்டும் முடித்துவிடாமை, வேண்டாம் என்று கூறும் உரிமை மணத்தின் பின்னும் உண்டு எனக் கற்பித்தல் ஆகியவை போதும். அவ்வாறு கற்ற மாணவி இருபது ஆண்டுகளின் பின் துணை நிலையத்தில் வந்து அமரும்போது, வெள்ளைப்படுகிறது என்று தொடங்காமல், வலிக்கிறது என்றே தொடங்குவார். மாணவர்களுக்கும் இதே பாடம் வேண்டும். இன்னும் சற்று அதிகமாகவே வேண்டும்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது விதி. தடுப்பூசி, கர்ப்பவதிகளின் கணக்கு, நீரிழிவுச் சோதனை என ஏற்கெனவே சுமை மிக்க செவிலியர்மீது இதையும் ஏற்றுவதா என்ற முறையீடு நியாயமானது. மேற்கூறிய வினாவுக்கு மூன்று நிமிடம் ஆகும். அதற்கான பயிற்சிக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். ஆனால் கேட்கச் சொல்லிவிட்டுக் கையில் ஒன்றும் கொடாமல் விடுவது கொடுமை. ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருந்தறையில் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் வழவழப்புப் பசையும் எப்பொழுதும் இருப்பில் இருக்கவும், வாரத்தில் ஒரு பிற்பகலேனும் பெண் டாக்டர் ஒருவர் தனியறையில் இத்தகையோரைக் காணவும் மாவட்ட அதிகாரிகள் ஏற்பாடு செய்தல் வேண்டும். இவ்விரண்டும் உறுதியாகாத இடத்தில் அந்த மூன்று நிமிட வினாவைத் தொடங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.